ஐம்பது இஞ்ச் ஆகாயம்

புது டிவி வந்து இறங்கிய அன்றைக்கே ஞானசுந்தரி அதோடு பேச்சுவார்த்தை கிடையாது என்று முடிவுகட்டிவிட்டாள். அறுபத்தைந்து இஞ்ச் எல்.இ.டி. அட்டைப்பெட்டியைப் பிரித்து ஹாலில் ஒரு மேஜை மேல் சுவரோரமாக நிறுத்தியிருந்தார்கள். அப்பளம் மாதிரி மெலிசு. யாராவது பக்கத்தில் நின்று தும்மினால் விழுந்துவிடும் போலிருந்தது. "இதுக்கா இம்புட்டுப் பெரிய பெட்டி?" என்று கேட்டுவிட்டு அடுப்படிக்குள் போனவள்தான், மகன் காபி கேட்டுக் குரல் கொடுக்கிற வரைக்கும் வெளியே வரவில்லை.

மகன் மகேஷ்குமார்தான் இப்போது பட்டாசு கம்பெனியைப் பார்க்கிறான். கம்பெனி நாரணாபுரம் பக்கம், வீடு சிவகாசி ஊருக்குள். அவன் அப்பா பலவேசம் போய் இரண்டு வருஷம் ஆகிறது. அவர் வாங்கி வைத்த பிளாஸ்மா டிவிதான் ஹாலில் இன்னும் அதே இடத்தில், ஒரு குட்டை ஸ்டாண்டின் மேல் கருங்கல் மாதிரி உட்கார்ந்திருந்தது.

"பழசை எக்ஸ்சேஞ்சுல எடுத்துக்கிறேன்னு கடைக்காரரு சொல்லியிருக்காரும்மா. சாயங்காலம் வண்டி வரும்" என்றான் மகேஷ்குமார்.

"வண்டி வந்தா வந்த வழியே போகச் சொல்லு."

"அது செத்துக்கிட்டிருக்கும்மா."

அது உண்மைதான். பிளாஸ்மாவுக்கு வயசாகிவிட்டது. சுவிட்சைப் போட்டால் உடனே எழுந்திருக்காது. உள்ளே 'டிக்' என்று ஒரு சத்தம், அப்புறம் ஒரு முனகல், அப்புறம்தான் வெளிச்சம். இடது ஓரத்தில் ஊதா நிறத்தில் பொடிப்பொடியாகப் புள்ளி விழ ஆரம்பித்திருந்தது. மெக்கானிக் முனியராஜ் வந்து முதுகுப் பக்கத்தைத் திறந்து பார்த்துவிட்டு, "மொதலாளியம்மா, இதுக்கு ஸ்பேர் எங்கயும் கெடைக்காது. பேனல் போற அன்னைக்குப் போயிரும். அதுவரைக்கும் பாத்துக்கோங்க" என்று பெரிய டாக்டர் கணக்காகக் கைவிரித்துவிட்டுப் போனான். அதிலிருந்து ஞானசுந்தரி அதைப் பத்தியத்தில் வைத்திருந்தாள். சீரியல் கிடையாது, செய்தி கிடையாது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மட்டும் ஒரே ஒரு வீடியோ. அதோடு அணைத்துவிடுவாள்.

இந்த டிவியை வாங்கியதே ஒரு கூத்து. பதிமூன்று வருஷத்துக்கு முன்னால் விருதுநகர் பஜாரில் ஒரு கடை. பக்கத்துத் தெரு முழுக்க வத்தல் மண்டி. கடைக்குள் ஏ.சி. ஓடியும் மிளகாய் நெடி மூக்கைத் துளைத்தது. விற்கிறவர் தும்மிக்கொண்டேதான் விற்றார். சுவரில் எல்.இ.டி. ஒன்றும் பிளாஸ்மா ஒன்றும் பக்கம் பக்கமாக ஓடிக்கொண்டிருந்தன.

"எல்.இ.டி.யைப் பாருங்க மொதலாளி, என்னா பளிச்சு! கரண்டும் கொஞ்சமாத்தான் இழுக்கும். இனிமே காலம் இதுதான்."

பலவேசம் பளிச்சைப் பார்க்கவே இல்லை. "ட்யூப் லைட்ட அணைங்க" என்றார். அணைத்தார்கள். "ஷட்டரையும் கொஞ்சம் இறக்குங்க." இறக்கினார்கள். "இப்ப ரெண்டுலயும் வெறும் கறுப்பைக் காட்டுங்க."

விற்கிறவருக்குத் தும்மலே நின்றுபோனது. "கறுப்புல என்ன மொதலாளி பாக்கப் போறீக? நல்ல பாட்டு ஒண்ணு போடுறேன், பாருங்க."

"பாட்டெல்லாம் வேண்டாம். கறுப்பைக் காட்டுங்க."

காசு கொடுத்து டிவி வாங்க வந்துவிட்டு ஒன்றும் தெரியாத டிவியைக் காட்டச் சொல்கிற ஆளை அந்தக் கடை அதுவரை பார்த்ததில்லை. காட்டினார்கள். எல்.இ.டி.யின் கறுப்பு, ஈரத்துணியால் துடைத்த சிலேட்டு மாதிரி சாம்பலாக இருந்தது. நாலு மூலையிலும் கதவிடுக்கு வழியாகக் கசிகிற மாதிரி வெளிச்சம் வேறு. பிளாஸ்மாவோ இருக்கிற இடமே தெரியவில்லை. இருட்டோடு இருட்டாகப் போய்விட்டது. அணைத்துவிட்டார்களோ என்று பலவேசம் கையை வைத்துப் பார்த்தார். காய்ச்சல்காரப் பிள்ளையின் நெற்றி மாதிரி சுட்டது.

"இதைக் கட்டுங்க" என்றார். ஞானசுந்தரியின் பக்கம் குனிந்து, "ஆகாயம் சரியா இருந்தாத்தான் சுந்தரி, அதுல பூக்குறதும் சரியா இருக்கும்" என்றார். அவளுக்கு அந்த இருட்டிலேயே சிரிப்பு வந்தது. தனக்காகத்தான் இத்தனையும் என்பது அவளுக்குத் தெரியும்.

ஏனென்றால் ஞானசுந்தரி ஆகாயத்தில் வெடி பார்க்க முடியாதவள். கண்ணில் கோளாறு ஒன்றும் கிடையாது. வாக்கப்பட்ட வீட்டில் கோளாறு.

பிறந்த ஊர் அருப்புக்கோட்டை. கோயில் கொடையில் வாணம் விடும்போது கழுத்து வலிக்க வலிக்கப் பார்த்துவிட்டு, முடிந்த பிறகும் மொட்டை மாடியை விட்டு இறங்காமல் அடி வாங்கின பிள்ளை. சிவகாசியில் பட்டாசு கம்பெனிக்காரர் வீட்டில் சம்பந்தம் என்றதும் அண்ணன்மார்கள், "ஒனக்கென்ன, கரும்பு தின்னக் கூலியா?" என்று கேலி செய்தார்கள். அவளும் அப்படித்தான் நினைத்துக்கொண்டு வந்தாள். தலைத் தீபாவளிக்கு மறு வருஷம், புகுந்த வீட்டில் முதல் தீபாவளி. எண்ணெய் தேய்த்துக் குளித்து, பட்டு உடுத்தி, வாசலுக்கு வந்து நின்றால், மாமியார் வந்து கதவைச் சாத்துகிறாள். ஜன்னலைச் சாத்துகிறாள். எல்லாரும் சாப்பிட்டுவிட்டு உள்ளே போய்ப் படுத்துவிட்டார்கள்.

மாமனார் காலத்தில் கம்பெனியில் ஒரு விபத்து. போனவர்கள் எல்லாரும் கூடவே வளர்ந்த மாதிரி வேலை பார்த்த ஆட்கள். காரியங்கள் முடிந்ததும் மாமனார் இருக்கன்குடிக்கு நடந்தே போய், மாரியம்மன் முன்னால் சத்தியம் செய்தாராம். 'இது எங்களுக்குச் சோறு போடுற தொழில், செய்வோம். ஆனா எங்க வீட்டு ஆளுக யாரும் வெடியை அண்ணாந்து பாத்து ரசிக்க மாட்டோம்.' அன்றிலிருந்து அந்த வீட்டில் அதுதான் சட்டம். கல்யாணம் பண்ணியும் சந்நியாசி என்பார்களே, அப்படி ஆகிவிட்டது ஞானசுந்தரியின் கதை. அம்மன் பேரில் செய்த சத்தியம், அவளும் மீறவில்லை. ஆனால் ஆசை போய்விடுமா? ஊரில் எங்கோ வாணம் வெடித்து ஜன்னல் கண்ணாடியில் சிவப்பு அடித்தால், அடுப்படியில் அவள் கை ஒரு நிமிஷம் அப்படியே நிற்கும். அதைப் பலவேசம் பார்த்திருக்கிறார். ஒன்றும் கேட்டதில்லை.

கேட்காத மனிதர்தான் ஒரு நாள் ஹாண்டிகேம் கேமரா வாங்கினார். அப்புறம் இந்த டிவி. தச்சரை வரவழைத்து ஸ்டாண்டின் காலை அறுக்கச் சொல்லி, சோபாவில் உட்கார்ந்தால் நேருக்கு நேர் கண் படுகிற உயரத்துக்கு இறக்கினார்.

"சத்தியம் என்னாச்சு?" என்று அவள் பயந்து கேட்டதற்கு, "அண்ணாந்து பாக்கக்கூடாதுன்னுதான அப்பா சொன்னாக? இது நேராப் பாக்குறது. அம்மன் ஒண்ணும் சொல்லாது" என்றார். வக்கீலுக்குப் படித்திருந்தால் நன்றாக வந்திருப்பார்.

அப்புறம் ஒவ்வொரு ஞாயிறும் மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் அந்தக் கூத்து நடக்கும். ஜன்னல் கண்ணாடியில் கம்பெனியிலிருந்து கொண்டு வந்த கறுப்புத் தாளை ஒட்டி வைத்திருந்தார். கதவைச் சாத்தி, வெண்டிலேட்டரில் கம்பளியைத் தொங்கவிட்டு, பென் டிரைவைச் செருகிவிட்டு வந்து அவள் பக்கத்தில் உட்காருவார். அந்த வாரம் கம்பெனிப் பொட்டலில் விட்டுப் பார்த்த சாம்பிள் எல்லாம் அதில் இருக்கும். முதலில் கறுப்பு. ஹால் போய்விடும், சோபா போய்விடும், அவள் மடியில் இருக்கிற கை கூடத் தெரியாது. அந்த இருட்டுக்குள்ளிருந்து வீடியோவில் அவர் குரல் வரும்: "சுந்தரி, நல்லாப் பாத்துக்கோ. ஏலே சங்கிலி, விடு." ஃபோர்மேன் சங்கிலிமுத்து திரியைப் பற்றவைப்பான். உஸ்ஸென்று ஒன்று மேலே போகும். அப்புறம் பூக்கும்.

பூத்ததும், பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற பலவேசம் வாயைப் பிளந்துகொண்டு "அடேயப்பா!" என்பார்.

அதுதான் அவளுக்குச் சிரிப்பு. வெள்ளிக்கிழமை பொட்டலில் நின்று நேரிலேயே பார்த்த மனுஷன், ஞாயிற்றுக்கிழமை டிவியில் பார்த்துவிட்டு அடேயப்பா என்கிறாரே, என்ன நடிப்பு! "போதும், ரொம்ப நடிக்காதீக" என்று முழங்கையால் இடிப்பாள். அவர் இடியை வாங்கிக்கொண்டு, "எப்படி இருக்கு சுந்தரி?" என்பார். அவள் சொல்லுவாள். பச்சை வெளிறிக் கிடக்கிறது. சிவப்பு நன்றாக இருக்கிறது, ஆனால் சீக்கிரம் செத்துப்போகிறது. வெள்ளி கொட்டுகிறது, கொட்டட்டும். நீலம் இன்னும் நீலமாக வரவில்லை, சலவைக்குப் போட்ட சேலை மாதிரி இருக்கிறது. அவர் அங்கேயே போனை எடுத்துச் சங்கிலிமுத்துவிடம் ஒப்பிப்பார். நீலம்தான் எல்லாவற்றிலும் கஷ்டமாம். வருஷா வருஷம் அவர் கேட்பார், வருஷா வருஷம் அவள் "இல்லீங்க, இது நீலம் இல்ல" என்பாள்.

சண்டையும் உண்டு. ஒரு நாள் அவள் வாய்விட்டே கேட்டுவிட்டாள். "நீங்க மட்டும் நேர்ல நின்னு பாக்குறீகள்ல? ஊருக்கெல்லாம் ஆகாயம், எனக்கு மட்டும் ஐம்பது இஞ்சா?"

பலவேசம் சிரித்தார். "தொழில் பாக்குறவன் தொழிலப் பாக்கணும்ல" என்றார். சட்டமெல்லாம் பொம்பளைகளுக்குத்தான் என்று அவளும் முணுமுணுத்துவிட்டுப் போய்விட்டாள். அந்த முணுமுணுப்பு அவள் மனசின் அடியில் எப்போதும் கிடந்தது. அவர்மேல் கொள்ளைப் பிரியம். அந்த ஒன்றில் மட்டும் ஒரு சின்னக் கசப்பு.

இரண்டு வருஷத்துக்கு முன்னால், ஆடி பிறக்கிற சமயம். ஆடிப்பெருக்கு அன்றைக்குப் பூஜை போட்டுத் தீபாவளி ஆர்டரைத் திறந்தாக வேண்டும் என்று சாம்பிள் வேலை மும்முரமாக நடந்தது. ஒரு வெள்ளிக்கிழமை ராத்திரி பொட்டலிலிருந்து வந்தவர், "சுந்தரி, ஞாயித்துக்கிழமை ஒண்ணு காட்டுறேன். அதுக்கப்புறம் வாயத் தெறக்க மாட்ட" என்றார். சனிக்கிழமை காலையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை.

பதினாறாம் நாள் விசேஷம் முடிந்த பிறகு சங்கிலிமுத்து அந்தப் பென் டிரைவைக் கொண்டுவந்து கொடுத்தான். "ஒங்களுக்குன்னு மொதலாளி எடுத்ததும்மா" என்று சொல்லிவிட்டு நிற்க முடியாமல் போய்விட்டான். அவள் தனியாக ஹாலைச் சாத்தி, கம்பளியைத் தொங்கவிட்டு, போட்டுப் பார்த்தாள்.

"சுந்தரி, இந்தத் தடவ நீலம். நல்லாப் பாத்துக்கோ."

நீலம் வந்தது. சாயமில்லை, சலவையில்லை. மயில் கழுத்து நீலம். ஆகாயம் முழுக்க விரிந்து, அவசரமே இல்லாமல் இறங்கியது. "இது நீலம்ங்க" என்று அவள் இருட்டில் சொன்னாள். கேட்க ஆள் இல்லை. அன்றைக்குத்தான் அவர் செத்துப்போனது அவளுக்கு நிஜமாகவே உறைத்தது. ஆனால் ஒரு ஆறுதலும் இருந்தது. நல்லவேளை, அவர் நேரில் நின்று பார்த்துவிட்டார். எத்தனை வருஷ ஆசை! கண் நிறையப் பார்த்துவிட்டுத்தான் போயிருக்கிறார். பழைய கசப்பே அப்போது அவளுக்கு ஆறுதலாகிவிட்டது.

அதிலிருந்து ஞாயிறுதோறும் அந்த ஒரு வீடியோதான். பிளாஸ்மாவின் கறுப்பில் ஹால் மறையும். ஹால் மறைந்தால் அவர் இல்லாததும் மறையும். பொட்டலில் அவரும் அவளும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கிற மாதிரி ஆகிவிடும். அவர் குரல் அவள் காதோரம் கேட்கும். கொஞ்ச நேரம்தான். அந்தக் கொஞ்ச நேரத்துக்காகத்தான் அவள் மற்ற நாளையெல்லாம் தள்ளினாள்.

மகேஷ்குமாருக்கு இது புரியாது. அவன் கெட்டவன் இல்லை. அம்மாவுக்குக் கண் வலிக்குமே, கரண்டு கசியுமே என்று பயப்படுகிறவன்தான். கோயம்புத்தூரில் படித்துவிட்டு வந்து ஆர்டர், லோடு என்று ஆபீஸோடு இருந்தவன். அப்பா அவனைச் சாம்பிள் பொட்டலுக்குக் கூட்டிப்போனதே இல்லை. தாத்தா சத்தியமெல்லாம் அவனிடம் செல்லாது. டிரோன் விட்டு வீடியோ எடுத்து வாட்ஸப்பில் வியாபாரிகளுக்கு அனுப்பிவிடுகிறான். கலர் எப்படி என்று அம்மாவைக் கேட்பதில்லை. போன சீசனில் அவளாகவே, "பச்சை எப்படி வந்திருக்குய்யா? காட்டேன்" என்று கேட்டதற்கு, "நீங்க எதுக்கும்மா அலட்டிக்கிறீக? அப்பா ஒங்க மனசுக்காகச் சும்மா கேட்டுக்கிட்டு இருந்தாக" என்று சொல்லிவிட்டான். அவன் அன்பாகத்தான் சொன்னான். அது முள்ளாக ஏறிவிட்டது. சும்மாவா கேட்டார்? அத்தனை ஞாயிறும் சும்மாவா? போனில் சங்கிலிமுத்துவிடம் ஒப்பித்ததும் சும்மாதானா? நேரில் பார்த்த மனுஷருக்கு என் கண் எதற்கு? நினைத்துப் பார்த்தால் மகன் சொல்வதுதான் நியாயமாகவும் பட்டது. அது இன்னும் வலித்தது.

"சரிம்மா, ஒரு பந்தயம்" என்றான் மகேஷ்குமார், காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு. "ரெண்டுலயும் ஒரே வீடியோவப் போடுவோம். புதுசு நல்லா இல்லைன்னு நீங்க சொன்னா, இதத் திருப்பி அனுப்பிர்றேன். நல்லா இருந்துச்சுன்னா பழசு வண்டியில ஏறிரணும்."

"நீலத்தைப் போடு" என்றாள் ஞானசுந்தரி.

மருமகள் பிரீத்திகா கதவைச் சாத்தி, கம்பளியைத் தொங்கவிட்டாள். முதலில் பிளாஸ்மா. 'டிக்' என்றது, முனகியது, எழுந்தது. ஹால் மறைந்தது. காதோரம் குரல் கேட்டது. நீலம் பூத்தது. ஊதாப் புள்ளிகள் ஓரத்தில் பூச்சி மாதிரி மேய்ந்தாலும், அது ஆகாயம்தான். முடிந்தபோது பிரீத்திகாகூட, "நல்லாத்தான் இருக்கு அத்தை" என்று மெதுவாகச் சொன்னாள்.

அடுத்து எல்.இ.டி. நீலம் என்னவோ கண்ணைப் பறித்தது. ஆனால் பொறிகள் ஓடும்போது ஈரப் பெயின்டை விரலால் இழுத்துவிட்ட மாதிரி வால் நீண்டது. கறுப்போ, பதிமூன்று வருஷத்துக்கு முன்னால் விருதுநகர் கடையில் பார்த்த அதே சிலேட்டு. அந்தச் சாம்பல் வெளிச்சத்தில் சோபா தெரிந்தது, சுவரில் காலண்டர் தெரிந்தது, காலண்டருக்குப் பக்கத்தில் மாலை போட்டிருக்கிற பலவேசத்தின் போட்டோ தெரிந்தது. இங்கே குரல் பேசிக்கொண்டிருக்கிறது, அங்கே மாலை தொங்குகிறது. ஞானசுந்தரி முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"எப்படிம்மா?"

"வீடு தெரியுது."

"வீடு தெரிஞ்சா என்னம்மா?"

"எனக்கு வேண்டாம்யா. அனுப்பிரு" என்றாள்.

"இருங்க, இருங்க. கறுப்பு சாம்பலா இருக்கு, அம்புட்டுத்தான? அத செட்டிங்கில கொறச்சிரலாம்." தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்பதில் அவன் அம்மாவுக்குத் தப்பாமல் பிறந்தவன். ரிமோட்டை வாங்கி மெனுவுக்குள் போய் எதை எதையோ அமுக்கினான். வீடியோ மறுபடி முதலிலிருந்து ஓடியது. சாம்பல் குறைவதற்குப் பதிலாக ஏறிக்கொண்டே போனது. ஆகாயம் விடியற்காலை மாதிரி வெளுத்தது.

"ஏங்க, அந்தப் பக்கம் இல்ல, இந்தப் பக்கம். நீங்க ஏத்திக்கிட்டு இருக்கீக" என்றாள் பிரீத்திகா.

"நிறுத்து!" என்றாள் ஞானசுந்தரி.

இருவரும் திடுக்கிட்டுப் போனார்கள். அவள் சோபாவின் நுனிக்கு வந்திருந்தாள்.

"மாத்தாத. அப்படியே வையி. அங்கன கீழ, ஓரத்துல... அது என்ன நிக்குது?"

பிரீத்திகா ரிமோட்டைப் பிடுங்கிப் படத்தை நிறுத்தினாள். கீழே வலது ஓரத்தில், இத்தனை ஞாயிறும் வெறும் கறுப்பாக இருந்த இடத்தில், ஒரு ஆள் நின்றுகொண்டிருந்தார். கரி பட்டாலும் தெரியாது என்று பொட்டலுக்குப் போட்டுக்கொண்டு போகிற கருநீலச் சட்டை. சட்டைப் பையில் பேனா. நெற்றியில் திருநீற்றுக் கோடு.

"மாமா!" என்றாள் பிரீத்திகா.

மகேஷ்குமார் திரைக்குப் பக்கத்தில் போய்க் குனிந்து பார்த்தான். "அப்பா ஏம்மா இந்தப் பக்கம் பாத்துக்கிட்டு நிக்காக? வெடி பின்னாலல்ல போகுது?"

பேனா தெரிகிறது. திருநீறு தெரிகிறது. ஆகாயத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, கேமராவைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார்.

"சங்கிலிமுத்து அண்ணன் ஒரு தடவ சொன்னாரும்மா" என்றான் மகேஷ்குமார், குரல் இறங்கிப்போய். "சாம்பிள் விடும்போது மொதலாளி எங்க மூஞ்சியத்தான் பாப்பாகன்னு. ஆளுக பத்திரமா நிக்காகளான்னு பாக்காகன்னு நான் நெனச்சேன்."

ஞானசுந்தரிக்கு எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வந்துகொண்டிருந்தது. சத்தியம் பொம்பளைகளுக்கு மட்டுமில்லை. அவர் பார்க்கவே இல்லை. ஒரு வெள்ளிக்கிழமைகூட அண்ணாந்து பார்த்ததில்லை. கேமராவை ஸ்டாண்டில் நிறுத்தி ஆகாயத்தைக் காட்டிவிட்டு, தான் முதுகைத் திருப்பிக்கொண்டு நின்று, ஞாயிற்றுக்கிழமை வரைக்கும் காத்திருந்து, வீட்டுக்கு வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்துதான் முதல் தடவையாகப் பார்த்திருக்கிறார். அந்த அடேயப்பா நடிப்பில்லை. எப்படி இருக்கு சுந்தரி என்று கேட்டது சும்மா இல்லை. அவருக்கே தெரியாததால் கேட்டிருக்கிறார். அவளிடம் ஏன் சொல்லவில்லை? சொல்லியிருந்தால், டிவியில் பார்ப்பதும் பாவம்தான் என்று அவளே எழுந்து போயிருப்பாள். அது அவருக்குத் தெரியும். அதனால் அவள் கசப்பையும் வாங்கி வைத்துக்கொண்டு சிரித்திருக்கிறார். படுபாவி மனுஷன்.

அப்புறம்தான் கடைசியாக அது வந்தது. இந்த நீலத்தை எடுத்தது வெள்ளிக்கிழமை. அந்த ஞாயிறு அவருக்கு வரவில்லை.

"ஓட விடு" என்றாள்.

"அம்மா..."

"ஓட விடுய்யா."

பிரீத்திகா முதலிலிருந்து ஓடவிட்டாள். "சுந்தரி, இந்தத் தடவ நீலம். நல்லாப் பாத்துக்கோ." அவர் வாய் அசைவது மங்கலாகத் தெரிந்தது. "ஏலே சங்கிலி, விடு." உஸ்ஸென்று அவர் தலைக்குப் பின்னால் ஒன்று ஏறியது. அவர் திரும்பவில்லை. கையைக் கட்டிக்கொண்டார். பரீட்சை எழுதிவிட்டு வாத்தியார் முகத்தைப் பார்க்கிற பிள்ளை மாதிரி, கேமராவையே பார்த்துக்கொண்டு நின்றார். அவர் முதுகுக்குப் பின்னால் நீலம் பூத்தது.

"திரும்பிப் பாருங்க" என்றாள் ஞானசுந்தரி. சத்தமாகவே சொன்னாள். "என்னங்க, ஒரே ஒரு தடவ திரும்பிப் பாருங்க. நல்லா வந்திருக்குங்க."

அவர் திரும்பவில்லை. கேமராவுக்குப் பின்னால் இருந்த ஷெட்டின் வெள்ளைச் சுவரில் பட்டுத் திரும்பிய வெளிச்சம் அவர் முகத்தில் விழுந்தது. நெற்றி நீலமானது, மூக்குக்கண்ணாடி நீலமானது, திருநீறு நீலமானது. அவர் இமைக்காமல் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு நீலம் மெல்ல மெல்ல அவர் முகத்திலிருந்து இறங்கிப் போனது.

வாசலில் எக்ஸ்சேஞ்ச் வண்டி வந்து ஹாரன் அடித்தது. யாரும் எழுந்து போகவில்லை. மகேஷ்குமார் கண்ணைத் துடைத்துக்கொண்டு, வந்து அம்மாவின் பக்கத்தில், அப்பா உட்காருகிற இடத்தில் உட்கார்ந்தான். அப்பா கேட்கிற மாதிரியே கேட்டான்.

"நீலம் எப்படிம்மா இருக்கு?"

இரண்டு வருஷமாக யாராவது கேட்க மாட்டார்களா என்று அவள் ஏங்கிக் கிடந்த கேள்வி அது. ஞானசுந்தரி திரையின் ஓரத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"தெரியலய்யா" என்றாள். "நான் ஆகாயத்தப் பாக்கலயே."